முப்பத்தேழு சிவப்பு வட்டங்கள்

ஜூலை 3, இரவு

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன், இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டாதீர்கள். மாமாவிடம்கூட வேண்டாம். படித்ததும் கிழித்துவிடுங்கள். கிழித்த துண்டுகளை ஒரே குப்பைத்தொட்டியில் போடாதீர்கள்.

நீங்கள் எங்கள் கிளினிக்கை விட்டுப் போய் ஐந்து மாதமாகிறது. உங்கள் பேச்சை எடுக்கக் கூடாது என்று அப்பா ஒரு நாளும் சொன்னதில்லை. எடுத்தால் சாப்பாட்டுத் தட்டோடு எழுந்துபோய்விடுகிறார், அவ்வளவுதான். போன் கீழே கிளினிக்கில் டோக்கன் மேசைமேல் இருக்கிறது, பேசினால் அவருக்குக் கேட்கும். அம்மாவின் செல்போனில் யாரிடம் பேசினோம் என்பது தெரிந்துவிடும். அதனால்தான் கடிதம். பதிலை ரத்தப் பரிசோதனை லேப் முகவரிக்கு அனுப்புங்கள். தினமும் சாயங்காலம் ஸ்கூட்டரில் ரிப்போர்ட் கொண்டுவரும் லேப் அக்காவிடம் சொல்லிவைத்திருக்கிறேன். “லவ் லெட்டரா?” என்று கேட்டார். “எங்க அத்தை லெட்டர்” என்றேன். “அது அதைவிட ஆபத்தாச்சே” என்றார்.

நீங்கள் போன பிறகும் என் வேலை மாறவில்லை. பள்ளி விட்டு வந்ததும் ரிப்போர்ட்டில் இருக்கும் எண்களை நோயாளிகளின் கார்டில் எழுதுகிறேன். கொழுப்பு இருநூற்று நாற்பதைத் தாண்டினால் எண்ணைச் சுற்றிச் சிவப்புப் பென்சிலால் வட்டம். அப்பா சொல்வார் இல்லையா, “கம்பவுண்டர், சிவப்பு போட்டா நான் நிப்பேன். போடலைன்னா போயிட்டே இருப்பேன்.” இப்போதும் என்னைக் கம்பவுண்டர் என்றுதான் கூப்பிடுகிறார். கோபம் வந்தால் மட்டும் முழுப்பெயர்.

கார்டு எழுதுவது நீங்கள் நோயாளிகளைப் பார்த்த மேசையில்தான். கண்ணாடிக்கு அடியில் அந்த வண்ண அட்டை இன்னும் இருக்கிறது. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்புக் கட்டங்கள். “வயசு? பிரஷர்? சுகரா? சிகரெட்டா? கொழுப்பு?” என்று நீங்கள் கேட்பீர்கள். நான் கார்டைப் பார்த்துச் சொல்லச் சொல்ல உங்கள் விரல் நகர்ந்துபோய் ஒரு கட்டத்தில் நிற்கும். அந்த ஆளுக்குப் பத்து வருஷத்துக்குள் மாரடைப்பு வர எவ்வளவு வாய்ப்பு என்று அந்தக் கட்டத்தின் நிறம் சொல்லும். கடைசியில் விரல் எங்கே நிற்கும் என்று எனக்கு முன்பே தெரிந்துவிடும்.

அத்தை, நான் ஒரு காரியம் செய்துவிட்டேன்.

பிப்ரவரியிலிருந்து கார்டு எழுதும்போது நானும் விரலை நகர்த்திப் பார்த்தேன். சிவப்புக் கட்டத்தில் நின்றால், எண் இருநூற்று நாற்பதுக்குக் கீழே இருந்தாலும் வட்டம் போட்டேன். அப்பா நின்றார். “இது கொஞ்சம் ஜாஸ்தியா இருக்கே” என்று சொல்லிக் கொழுப்பு மாத்திரை எழுதிக்கொடுத்தார். ஒரு தடவைகூட வட்டத்துக்குள் என்ன எண் இருக்கிறது என்று பார்க்கவில்லை. முப்பத்தேழு பேர். எல்லோருடைய கார்டு நம்பரும் என் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது.

கடிகாரக் கடைக்காரரை உங்களுக்கு நினைவிருக்கும். நம் சுவர்க்கடிகாரத்தை வந்து சரிசெய்வார். “கடிகாரம் அஞ்சு நிமிஷம் முன்னாடி ஓடுது, டாக்டர் அஞ்சு வருஷம் பின்னாடி ஓடுறார். ரெண்டையும் கூட்டிக் கழிச்சா சரியாயிடும்” என்று உங்கள் பக்கம் பார்த்துக் கண்ணடிப்பாரே, அவர். ஐந்து நாளாகப் பெரிய ஆஸ்பத்திரியில் இருக்கிறார். தொடையெல்லாம் வலியாம், எழுந்து நிற்க முடியவில்லையாம். சிறுநீர் கறுப்பு டீ மாதிரி போனதாம். கிட்னி வேலை செய்யவில்லை. கொழுப்பு மாத்திரையால் சதை கரைந்து கிட்னியை அடைத்துவிட்டது என்று அங்கே சொல்லியிருக்கிறார்கள்.

அவருடைய எண் நூற்றுத் தொண்ணூற்றாறு. அதைச் சுற்றி வட்டம் போட்டது நான்.

அவர் செத்துப்போனால் நான் கொலைகாரியா? உண்மையைச் சொல்லுங்கள்.

உங்கள்
குட்டி

*

ஜூலை 7

குட்டி,

உன் கடிதத்தை நான் கிழிக்கவில்லை. உள்ளாடை அடுக்கும் இழுப்பறையில் இருக்கிறது. உன் மாமா அங்கே கை வைக்க மாட்டார்.

முதலில் நீ கேட்டதற்குப் பதில். நீ கொலைகாரி இல்லை. அவர் சாகப்போவதும் இல்லை என்றே நினைக்கிறேன். அந்த ஆஸ்பத்திரியில் என்னோடு படித்தவள் ஒருத்தி இருக்கிறாள். உன் பேச்சை எடுக்காமல் விசாரித்தேன். கடைக்காரருக்குத் தொண்டைப் புண் வந்திருக்கிறது. கடைக்குப் பக்கத்தில் வேறொரு டாக்டரிடம் காட்டியிருக்கிறார். அந்த டாக்டர் கொடுத்த ஆன்டிபயாடிக் மாத்திரையும் நம் மாத்திரையும் ஒரே உடம்பில் சேரக் கூடாதவை. கொழுப்பு மாத்திரை சாப்பிடுகிறேன் என்று கடைக்காரர் அங்கே சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று யாரும் அவரிடம் சொல்லியிருக்கவும் இல்லை. டயாலிசிஸ் செய்கிறார்கள். கிட்னி திரும்பிவர வாய்ப்பு இருக்கிறது.

அடுத்ததை எழுதலாமா வேண்டாமா என்று ஒரு மணி நேரம் யோசித்தேன். வயது அறுபத்திரண்டு, சிகரெட், சர்க்கரை, பிரஷர் நூற்றறுபது. உன் விரல் சரியான கட்டத்தில்தான் நின்றிருக்கிறது. அவருக்கு அந்த மாத்திரை தேவைதான்.

இதைப் படித்ததும் உனக்கு நிம்மதி வந்திருக்கும். வேண்டாம், அதைக் கீழே வை. நீ செய்தது தப்பு. மருந்து எழுதும் கையை, அந்தக் கைக்குத் தெரியாமல் நீ பிடித்து ஓட்டியிருக்கிறாய். உனக்கு வயது பதினான்கு.

அந்த அட்டைக்குப் பின்பக்கம் ஒன்று இருக்கிறது, தெரியுமா? தெரியாது. கண்ணாடிக்கு அடியில் கவிழ்ந்து கிடப்பதை யார் பார்ப்பார்கள்? முன்பக்கம் யாருக்குக் கொடுப்பது என்று சொல்லும். எப்படிக் கொடுப்பது என்பது பின்பக்கத்தில் இருக்கிறது. வேறென்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று கேள். கால் சதை வலித்தால், சிறுநீர் கறுத்தால், அன்றே வரச் சொல். எந்த டாக்டரிடம் போனாலும் இந்த மாத்திரையின் பெயரைச் சொல்லச் சொல். நீ பார்த்ததெல்லாம் நிறத்தை மட்டும். பின்பக்கம் எனக்கு மனப்பாடம் என்பதால் அட்டையை அப்படி வைத்தது நான்தான். மற்றவர்களுக்கும் அது தேவைப்படும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் தூக்கம் வராது. முப்பத்தேழு பேர் என்று படித்தபோது எனக்கு முதலில் வந்தது பயம் இல்லை. சந்தோஷம். அண்ணன் கடைசியில், கட்டத்தின் நிறத்தைப் பார்த்து மருந்து எழுதச் சொல்லும் புது வழிகாட்டுதல்படி எழுதிவிட்டார், தனக்கே தெரியாமல் எழுதிவிட்டார் என்று ஒரு சிரிப்பு. அதற்குப் பிறகுதான் கடைக்காரர் வரும் வரிக்கு வந்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது வாய் கசக்கிறது.

அப்பாவிடம் சொல். இன்றைக்கே.

அத்தை

*

ஜூலை 11, இரவு

அன்புள்ள அத்தைக்கு,

கண்ணாடியைத் தூக்கி அட்டையைத் திருப்பினேன். நீங்கள் சொன்னதெல்லாம் இருந்தது. சின்ன எழுத்து. ஆறு வாரத்தில் மறுபடி ரத்தம் பார்க்க வேண்டும் என்றும் இருந்தது. நான் அதுவும் செய்யவில்லை.

அப்பாவிடம் சொல்லவில்லை. ஏன் என்று எழுதுகிறேன், திட்டாதீர்கள். போன கடிதத்தில் ஒன்றை மறைத்தேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தபோது அப்பா உள்ளே ஒரு குழந்தைக்குக் காது பார்த்துக்கொண்டிருந்தார். டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்த அம்மாதான் எடுத்தாள். “கடிகாரக்காரருக்கு ரொம்ப முடியலையாம். கொழுப்பு மாத்திரையாலயாம். டாக்டரைக் கூப்பிடச் சொன்னாங்க” என்று என்னிடம் சொல்லிவிட்டு உள்ளே போனாள். அவள் போய்த் திரும்புவதற்குள் நான் அவருடைய கார்டை எடுத்து வட்டத்தை அழித்துவிட்டேன். என் கை தானாகப் போனது. ரப்பர் தூளை ஊதிவிட்டேன். கார்டை அதே இடத்தில் வைத்தேன்.

அப்பா கார்டைக் கையில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரி டாக்டரிடம் பேசினார். “ஆமாம், நான்தான் ஆரம்பிச்சேன்... நூத்தித் தொண்ணூத்தாறு... இல்ல, அதாவது...” அந்தப் பக்கம் என்ன கேட்டார்களோ, “தெரியலை டாக்டர், பார்த்துச் சொல்றேன்” என்றார். அப்பா ‘தெரியலை’ என்று சொல்லி நான் கேட்டதில்லை.

அன்றிலிருந்து அந்தக் கார்டு அவர் சட்டைப்பையில் இருக்கிறது. சாப்பிடும்போது எடுத்துப் பார்க்கிறார். நேற்று அம்மாவிடம் சொன்னார். “என் கையெழுத்துதான். தேதி போட்டிருக்கேன், டோஸ் போட்டிருக்கேன். ஆனா ஏன் எழுதினேன்னு தெரியலை. வட்டம் இல்லாத கார்டுல நான் ஏன் நின்னேன்?” அம்மா, “வேலை ஜாஸ்தி, மறந்திருப்பீங்க” என்றாள். “அதைத்தான் நானும் சொல்றேன், மறந்திருக்கேன். வேற எதையெல்லாம் மறந்தேன்னு யார் சொல்றது?” என்றார்.

இப்போது அவர் எதையும் மூன்று தடவை செய்கிறார். மருந்துச் சீட்டை எழுதுகிறார், படிக்கிறார், நோயாளி வாசல் வரை போனதும் திரும்பக் கூப்பிட்டு மறுபடி படிக்கிறார். வெளியே பெஞ்சில் கூட்டம் முணுமுணுக்கிறது. கிளினிக்கைப் பூட்டிவிட்டுப் படியேறி வருகிறார், இறங்கிப்போய்ப் பூட்டை இழுத்துப் பார்க்கிறார்.

நான் வட்டம் போட்டதைச் சொன்னால் அழித்ததையும் சொல்ல வேண்டும். போட்டதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அழித்ததற்கு என்ன காரணம் சொல்வேன்?

வட்டம் போட்டதன் காரணம் உங்களுக்குத் தெரியாது. நீங்களும் அப்பாவும் கடைசியாகச் சண்டை போட்ட அன்று நான் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தேன். எல்லாம் கேட்டது. “நம்ம அப்பாவுக்கும் நம்பர் நார்மல்தான் அண்ணா. வட்டம் இல்ல. நீ நிக்கலை” என்று நீங்கள் சொன்னீர்கள். அதற்கு அப்பா சொன்னது மட்டும் கேட்கவில்லை. மறுநாள் உங்கள் நாற்காலி காலியாக இருந்தது. அதற்கு அடுத்த நாள் நான் முதல் வட்டம் போட்டேன். அப்பா நிற்கட்டும் என்றுதான் போட்டேன், அத்தை.

குட்டி

*

ஜூலை 15

குட்டி,

நீ படியில் உட்கார்ந்திருந்தாய் என்று தெரிந்திருந்தால் அந்த வாக்கியத்தைச் சொல்லியிருக்க மாட்டேன். இதுவும் பொய்தான். சொல்லியிருப்பேன். அதை ஒன்பது வருஷமாக வாய்க்குள் வைத்திருந்தேன்.

மாரடைப்பில் போன உன் தாத்தாவுக்கு மருந்து பார்த்தது அண்ணன்தான். அன்றைக்கு எல்லா டாக்டரும் அப்படித்தான் பார்த்தார்கள். எண் சரியாக இருந்தால் ஆள் சரி. அது அவர் தப்பு இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் சொன்னேன். இனி அட்டைப்படிதான் எழுதுவேன் என்று அவரிடம் கையெழுத்து கேட்டிருந்தேன். அண்ணன் என்ன பதில் சொன்னார் என்று உனக்குக் கேட்டிருக்காது, மெதுவாகத்தான் சொன்னார். “உன் அட்டை சரின்னா, நான் அப்பாவைக் கொன்னேன்னு ஒத்துக்கணும். நீ கையெழுத்து கேக்குறியா, குற்றப்பத்திரிகையா?” என்றார்.

வெளியில் வேறு காரணங்கள் சொல்வார். “ஒரு நாளைக்கு எண்பது பேர். இதுல கட்டம் எண்ணிட்டு உக்கார முடியுமா? அஞ்சு வருஷம் முட்டை சாப்பிடாதேன்னான், இப்ப சாப்பிடுங்கிறான். அடுத்த வருஷம் இந்த அட்டையையும் மாத்துவான்.” எல்லாம் நியாயமான காரணங்கள்தான். இங்கே நான் பயிற்சி கொடுக்கும் டாக்டர்களும் இதையேதான் சொல்கிறார்கள். நாற்பது பேர் வந்து உட்காருவார்கள், தலையாட்டுவார்கள், டீ குடிப்பார்கள், அட்டையைக் கொண்டுபோய்க் கண்ணாடிக்கு அடியில் வைப்பார்கள். முதல் மாதம் கொஞ்சம் மாறும். மூன்றாம் மாதம் பழையபடி எண்ணையே பார்ப்பார்கள். ஒவ்வொருவர் மனத்திலும் அப்படிப் போன ஒருத்தர் இருக்கிறாரோ என்று இப்போது தோன்றுகிறது. நான் அதைக் கேட்டதே இல்லை.

நீ அழித்தது எனக்குப் புரிகிறது. ஆனால் அதை இனிமேல் எனக்கு எழுதாதே. சொல்ல வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் கேள். புது வழிகாட்டுதலை ஊர் ஊராகக் கொண்டுபோகும் வேலை என்னுடையது. அதே அட்டையை என் அண்ணன் மகள் திருட்டுத்தனமாகப் பார்த்து வட்டம் போட்டாள், ஒருவர் டயாலிசிஸில் கிடக்கிறார் என்று வெளியே வந்தால், பின்பக்கத்தைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள். அட்டையே ஆபத்து என்பார்கள். அண்ணனோ, ஒற்றனை வீட்டில் விட்டுவிட்டுப் போயிருக்கிறாள் என்று நினைப்பார். அதனால் நான் அவருக்குப் போன் செய்ய முடியாது. நீதான் சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வது என்று எனக்கும் தெரியவில்லை.

இந்தக் கடிதத்தை எரித்துவிடு.

அத்தை

*

ஜூலை 19, இரவு

அத்தைக்கு,

எரித்துவிட்டேன். குளியலறையில் எரித்தேன். அம்மா என்ன நாற்றம் என்று கேட்டாள், தலைமுடி என்றேன். எனக்கு இப்போது பொய் சொல்வது சுலபமாக வருகிறது.

பெரியவர்களுக்குப் பயம் இருக்காது என்று நினைத்திருந்தேன். உங்களுக்கும் இருக்கிறது என்று தெரிந்த பிறகு என் பயம் இரண்டு மடங்காகிவிட்டது.

அப்பா கிளினிக்கை மூடப்போகிறார். ஆகஸ்ட் முதல் தேதியிலிருந்து பார்ப்பதில்லை என்று சுகாதார அலுவலகத்துக்குக் கடிதம் எழுதி உறையில் போட்டு ஒட்டிவிட்டார். தபாலில் சேர்க்கவில்லை. மாதக் கடைசியில் சேர்ப்பாராம். நோயாளிகளிடம் ஒவ்வொருவராகச் சொல்கிறார். ஒரு பாட்டி, “நீங்க மூடிட்டா நான் எங்க போவேன்? புது டாக்டர் என் முட்டியைப் பார்த்தா பயந்துடுவாரே” என்று அழுதார். அப்பா சிரித்தார். அப்புறம் அவர் போனதும் என்னைப் பார்த்து, “இன்னைக்கு என்ன தேதி கம்பவுண்டர்?” என்றார். “பத்தொன்பது” என்றேன். “நானும் அதுதான் நினைச்சேன். சும்மா கேட்டேன்” என்றார். சும்மா கேட்கவில்லை. தன்னைத்தானே பரீட்சை வைத்துப் பார்க்கிறார்.

சாயங்காலம் கூட்டம் முடிந்ததும் என்னைக் கூப்பிட்டார். சட்டைப்பையிலிருந்து கார்டை எடுத்து மேசையில் வைத்தார். மடித்து மடித்து ஓரமெல்லாம் பஞ்சாகிவிட்டது.

“இதை எழுதினது நீதானே?”

“ஆமாப்பா.”

“அப்ப இதுல வட்டம் போட்டியா? யோசிச்சுச் சொல்லு. அவசரமில்லை.”

அத்தை, அவர் முகத்தைப் பார்த்திருந்தால் உங்களுக்குத் தெரியும். நான் ‘ஆமாம்’ என்று சொல்ல வேண்டும் என்று அவர் கெஞ்சுகிற மாதிரி இருந்தது. வட்டம் இருந்திருந்தால் அவர் புத்தி சரியாக இருக்கிறது என்று அர்த்தம். அவர் எனக்குக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்.

நான் “இல்லப்பா” என்றேன்.

“சரி. போய்ப் படி” என்றார். கார்டைத் தூக்கி விளக்கில் பிடிக்கவில்லை. பிடித்திருந்தால் அழித்த இடம் மெலிந்து இளஞ்சிவப்பாகத் தெரிந்திருக்கும். என்னைச் சந்தேகப்படவே அவருக்குத் தோன்றவில்லை. தன்னைத்தான் சந்தேகப்படுகிறார்.

இனி நீங்கள் எழுத வேண்டாம். உங்களுக்கும் கஷ்டம்.

குட்டி

*

ஜூலை 24

குட்டி,

எழுத வேண்டாம் என்றாய். இந்த ஒன்றை மட்டும் படி.

கடைக்காரருக்குச் சிறுநீர் பிரியத் தொடங்கிவிட்டது. இரண்டு நாளாக டயாலிசிஸ் இல்லை. சுவரில் இருக்கும் ஆஸ்பத்திரிக் கடிகாரம் தவறாக ஓடுகிறது என்று நர்சிடம் சண்டை போட்டாராம். பிழைத்துக்கொள்வார்.

போன கடிதத்தை நான் ஒரு டாக்டராகவும் எழுதவில்லை, அத்தையாகவும் எழுதவில்லை. வேலைக்குப் பயந்தவளாக எழுதினேன். அதை எரிக்கச் சொன்னபோதே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

உன் பயத்தையும் என் பயத்தையும் ஒரு ஓரமாக வைத்துவிட்டு யோசித்தேன். முப்பத்தேழில் ஒருவரைத் தவிர்த்தால் முப்பத்தாறு பேர். இன்று காலையிலும் அந்த மாத்திரையைப் போட்டிருப்பார்கள். அவர்களில் யாருக்காவது நாளைக்குத் தொண்டை வலிக்கும், இன்னொரு டாக்டரிடம் போவார்கள். பின்பக்கத்தில் இருப்பதை அவர்களிடம் யாரும் சொல்லவில்லை. அவர்கள் யார் என்று அண்ணனுக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. உலகத்திலேயே உன் கணக்கு நோட்டுக்கு மட்டும்தான் தெரியும். கிளினிக் மூடிவிட்டால் அவர்களைக் கூப்பிட்டுச் சொல்லவும் யாரும் இருக்க மாட்டார்கள்.

அதோடு, செய்யாத மறதிக்கு அண்ணன் தண்டனை அனுபவிக்கிறார். அவர் செய்த தப்பு வேறு. பன்னிரண்டு வருஷமாக, நீ கார்டு எழுதவருவதற்கு முன்பிருந்தே, வட்டத்தைப் பார்த்தார், எண்ணைப் பார்க்கவில்லை. அதை அவருக்கு யாராவது சொன்னால்தான் அவரால் திருத்திக்கொள்ள முடியும். மறதி என்று நினைத்தால் மூடத்தான் தெரியும்.

சனிக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். அண்ணன் வாசலில் நிற்கவைத்தாலும் நிற்பேன். அதற்கு முன்னால் நீயே சொல்லிவிட்டால் நல்லது. நான் வந்து சொன்னால் அது என்னுடைய சண்டையாகிவிடும். நீ சொன்னால்தான் அவர் காதில் விழும்.

அத்தை

*

ஜூலை 27, இரவு

அன்புள்ள அத்தைக்கு,

இதை நீங்கள் படிப்பதற்குள் பஸ் ஏறியிருப்பீர்கள். இருந்தாலும் எழுதுகிறேன்.

சாயங்காலம் அப்பாவிடம் சொல்லப்போனேன். மூன்று தடவை உள்ளே போனேன். முதல் தடவை ஒரு ஆள் ஊசி போட்டுக்கொண்டிருந்தார். இரண்டாம் தடவை அப்பா போனில் இருந்தார். மூன்றாம் தடவை யாருமே இல்லை. “என்ன கம்பவுண்டர்?” என்றார். “ஒண்ணுமில்லப்பா, சாக்பீஸ்” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். எதற்குச் சாக்பீஸ் என்று அவரும் கேட்கவில்லை.

வாயால் முடியவில்லை. அதனால் அவருக்குத் தெரிந்த மாதிரியே சொல்லிவிடலாம் என்று முடிவு செய்தேன்.

எல்லோரும் படுத்த பிறகு கிளினிக் சாவியை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன். நோட்டைப் பார்த்துக் கார்டுகளை ஒவ்வொன்றாக எடுத்தேன். முப்பத்தாறு. அப்பாவின் சட்டை அங்கே அவர் நாற்காலியில் தொங்கியது. பையிலிருந்து கடிகாரக் கடைக்காரர் கார்டையும் எடுத்தேன். அழித்த இடத்தில் சிவப்புப் பென்சிலால் மறுபடி வட்டம் போட்டேன். காகிதம் மெலிந்திருந்ததால் கொஞ்சம் கிழிந்துவிட்டது. அதன் அடியில், “இந்த வட்டத்தை நான்தான் போட்டேன். நான்தான் அழித்தேன். நீங்கள் மறக்கவில்லை அப்பா” என்று எழுதினேன். முழுப்பெயரைக் கையெழுத்தாகப் போட்டேன்.

எல்லாவற்றையும் அப்பா மேசையில் அடுக்கி, அந்தக் கார்டை மேலே வைத்தேன். உங்கள் மேசைக் கண்ணாடியைத் தூக்கி வண்ண அட்டையை எடுத்துப் பின்பக்கம் மேலே தெரிகிற மாதிரி கார்டுகளுக்குப் பக்கத்தில் வைத்தேன். சிவப்புப் பென்சிலையும் வைத்தேன். அது இனிமேல் என்னிடம் இருக்கக் கூடாது. சுகாதார அலுவலகத்துக்கு ஒட்டிய உறை அதே மேசையில்தான் இருந்தது. அதைத் தொடவில்லை. தொட்டுத் தொட்டுத்தான் இவ்வளவும் ஆயிற்று.

காலையில் பார்ப்பார், அதற்குள் சனிக்கிழமை ஸ்பெஷல் கிளாஸுக்கு ஓடிவிடலாம் என்று நினைத்துத்தான் செய்தேன். பாருங்கள், இதிலும் ஓடத்தான் நினைத்திருக்கிறேன். ஆனால் கொஞ்ச நேரத்துக்கு முன்னால் அப்பா எழுந்துவிட்டார். பூட்டை இழுத்துப் பார்க்கப் போகிறார், வந்துவிடுவார் என்று படுத்திருந்தேன். பூட்டு சத்தம் கேட்டது. அப்புறம் கிளினிக் விளக்கு போடும் சத்தம். அப்புறம் நாற்காலியை இழுக்கும் சத்தம்.

அதிலிருந்து கார்டு புரட்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு கார்டுக்கும் நடுவில் ரொம்ப நேரம். இந்தத் தடவை வட்டத்துக்குள் இருக்கும் எண்ணையும் படிக்கிறார் என்று நினைக்கிறேன். நான் பதினொன்று வரை எண்ணினேன். அதற்குமேல் எண்ணாமல் எழுந்துவிட்டேன். உங்களுக்கு எழுதினால் பயம் குறையும் என்றுதான் மேசை விளக்கைத் துணியால் மூடிக்கொண்டு உட்கார்ந்தேன்.

அத்தை, அவர் திட்டினால் தாங்கிக்கொள்வேன். அடிக்க மாட்டார். ஆனால் அவர் என்னை முழுப்பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டு, அதற்கப்புறம் ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டால் என்ன செய்வது என்று

கார்டு சத்தம் நின்றுவிட்டது.

நாற்காலி நகர்கிறது. விளக்கை அணைக்கவில்லை. படி ஏறுகிறார். இது நான்காவது படி, அதுதான் கிறீச்சிடும். கையில் கார்டுக் கட்டு இருக்கிறது, சுவரில் உரசுகிறது.

வாசலில் நிற்கிறார். என் விளக்கு வெளிச்சம் கதவுக்கடியில் அவருக்குத் தெரியும். அணைத்தால் நான் மறுபடி ஓடுகிறவளாக

தட்டுகிறார்.

“கம்பவுண்டர்...” குரல் உடைந்திருக்கிறது. “மொத்தம் இவ்வளவு பேர்தானா? இன்னும் யாராவது